இரண்டு பேருக்கு வாடகை

கணக்கு டீச்சரின் கணவர் தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்க ஊர் ஊராகச் சுற்றியவர். தங்கும் அறைக்கு ஓட்டல்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டுவது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. லீவில் டீச்சரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால், வரவேற்பு மேசை முன்னால் ஒரு சின்ன நாடகம் நடக்கும். அவர் விலை கேட்பார், முகத்தைச் சுளிப்பார். டீச்சர் அலுத்துக்கொண்ட குரலில், "விடுங்க, போகலாம்" என்பாள். அதுதான் ஜாடை. உடனே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசல் படியில் நோயாளி மாதிரி மெதுவாக இறங்குவார். கடைசிப் படிக்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும்: "சார், வாங்க சார், பேசிக்கலாம்."

ஒரே ஒரு தடவை யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போய், அசடு வழியத் திரும்பி வந்து, "குடையை வெச்சுட்டுப் போயிட்டேன்" என்றார். குடை கையில்தான் இருந்தது. அறைக்குள் போனதும் டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

"எல்லாம் உன்னாலதான். 'விடுங்க'ன்னு சொல்றப்போ உன் குரல்ல ஒரு கடுப்பு வேண்டாமா?" என்று பழியை அவள் தலையில் கட்டினார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். மாரடைப்பு, பேசிப் பார்க்க இடமே கொடுக்காத வகை.

பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் வரச் சொல்லி டீச்சருக்கு உத்தரவு வந்தது. ஓட்டலில் தனியாக அறை எடுப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த ஒரு அறையைத் தானே பேசி, கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கிவிட்டால், மிச்சத்தையும் தனியாகச் சமாளித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

மேசைக்குப் பின்னால் இருந்த மானேஜர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விலையைச் சொன்னார். டீச்சர் முகத்தைச் சுளித்தாள்.

"ரொம்ப ஜாஸ்தி. ரோட்டுப் பக்க ரூம்தானே? லாரி சத்தத்துக்கும் சேர்த்தா வாடகை?"

"அது ஃப்ரீ மேடம். வேணும்னா ஹாரனும் அடிக்கச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. அதில் பேரத்தின் பிடி நழுவியது. இடப் பக்கம் திரும்பி, "விடுங்க, போகலாம்" என்றாள்.

அந்தப் பக்கம் அவளுடைய பெட்டிதான் இருந்தது.

மானேஜர் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். "சார், வாங்க சார், பேசிக்கலாம்."

டீச்சரும் திரும்பினாள். திரும்பாமல் இருக்க முடியவில்லை. படிகளில் யாரும் இல்லை. யாரோ இப்போதுதான் தள்ளிக்கொண்டு இறங்கினது போலக் கண்ணாடிக் கதவு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"சார் கோவிச்சுக்கிட்டாரா? சரி, ரெண்டு பேருக்கு இந்த ரேட்டுக்குத் தர்றேன்" என்று மானேஜர் கணிசமாகக் குறைத்துச் சொன்னார். பிறகு அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இல்ல, நீங்க ஒருத்தர் மட்டும்தான்னா பாதிதான். அதுக்குக் கீழ முதலாளி வந்து கேட்டாலும் கிடையாது" என்றார்.

கணவர் ஆயுசுக்கும் பேசி வாங்கியிராத விலை அது. 'நான் மட்டும்தான்' என்றால் முடிந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பேர்தான்."

"சார் பேரு?"

சொன்னாள். பாங்கிலும் மின்சார அலுவலகத்திலும் அந்தப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்கச் சொன்னார்கள். மறந்தால் அவர்களே திருத்தினார்கள். இவர் எதையும் திருத்தவில்லை. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, "நல்ல பேரு" என்றார்.

"சார் வந்தா மேல அனுப்பறேன் மேடம்."

"அனுப்புங்க. கொஞ்சம் மெதுவாத்தான் வருவார்."

அறையில் இரண்டு துண்டுகள் மடித்து வைத்திருந்தார்கள். கீழே ஒரு லாரி போனது. விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடத்தான் கை வரவில்லை.