ஒரே கார், ரெண்டு ரோடு

என்னிடம் இருப்பது ஒரே கார். ரெண்டு கதவு, தாழ்வான உடம்பு, மிதித்தால் சீறுகிற ஸ்போர்ட்ஸ் கார். செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினேன். கருமத்தம்பட்டி வீட்டிலிருந்து சரவணம்பட்டி ஆபீஸுக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறேன். அப்பா போனபிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவதும் அதே காரில்தான்.

கோயமுத்தூருக்குத் தெற்கே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட விடுவார்கள். முதல் தடவை போனபோதே பித்துப் பிடித்துவிட்டது. அவினாசி ரோட்டு நெரிசலில் வாரமெல்லாம் ரெண்டாவது கியரிலேயே ஊர்ந்த வண்டி, அங்கே அவிழ்த்துவிட்ட காளையாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒருபக்கம் சாய்ந்தது. சாயச் சாய நானும் சீட்டிலிருந்து நழுவினேன்.

உக்கடத்தில் என் காரைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்காரரும் டிராக்கில் ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டேன்.

"டிராக்குக்குன்னா சஸ்பென்ஷன எறக்கி இறுக்கோணுங்கக்கா. ஆள நழுவவிடாம ரெண்டு பக்கமும் புடிச்சுக்கற பக்கெட் சீட்டு போடோணும். ஆனா தெனம் ஓட்ற வண்டிக்கு அது ரொம்ப முரடா இருக்கும். யோசிச்சுக்கங்க."

மாசக்கணக்கில் யோசித்தேன். இன்னொரு கார் வாங்கினால் நிறுத்த வாசலில் இடமில்லை. இருப்பதை மாற்றினால் அம்மாவுக்குக் கஷ்டம். மாற்றாவிட்டால் ஆபீஸ், வீடு, சிக்னல் என்று என் காலம் இப்படியே போய்விடும் என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள், "செஞ்சுபோடுங்க" என்றேன்.

அடுத்த அமாவாசைக்கு அம்மா கொடுமுடி போகவேண்டும் என்றார். முழங்கால் ஆபரேஷன் ஆகி அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தார். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இடித்தது. அம்மா கதவுப்பிடியை விடவேயில்லை.

கோயில் முன்னால் நிறுத்தினேன். அம்மாவால் இறங்க முடியவில்லை. பக்கெட் சீட்டின் ரெண்டு பக்கமும் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏங்கண்ணு, இது சீட்டா, ஒரலா? உள்ள போனது வெளிய வரமாட்டீங்குது" என்று சிரித்தார்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன். பூக்காரம்மா ஓடிவந்து இடுப்பைத் தாங்கினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவழியாக வெளியே வந்தபோது கால் மடங்கி, அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

சாமி கும்பிட்டதும் அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"நான் பஸ்ஸுல வந்தர்றேன் அம்மணி. நீ போ."

"மெதுவா ஓட்றனுங்கம்மா."

"நீ ஓட்றதுல ஒரு கொறையுமில்ல. என்ற மொழங்காலு கேக்கமாட்டீங்குது."

ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். கடைசி சீட்டுக் காலேஜ் பையன்கள் என் காரை போனில் படம் பிடித்தார்கள். "முந்துங்கக்கா, முந்துங்க" என்று கையைக் காட்டினார்கள். பாதை காலியாகத்தான் கிடந்தது. முந்த மனசு வரவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றேன். ஈரோட்டில் அம்மா கோயமுத்தூர் பஸ்ஸுக்கு மாறினார். அதற்குப் பின்னாலும் போனேன். சீட் என்னையும் இறுக்கிப் பிடித்திருந்தது.

கருமத்தம்பட்டியில் இறங்கிய அம்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"பொறவாலயே வந்தியா? முன்னாடியே வந்து சோறு வெச்சிருக்கலாமல்ல?"

அடுத்த ஞாயிறு டிராக்குக்குப் போனேன். கார் சாயவே இல்லை. திருப்பிய இடத்துக்குத் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்து முதல் வேகத்தடையில் அடிப்பக்கம் உரசியதும் அது வடிந்துவிட்டது.

திங்கட்கிழமை உக்கடம் போய், "பழசையே மாட்டிக் குடுத்துருங்க" என்றேன்.

"எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்."

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா பழைய சீட்டைத் தடவிப்பார்த்தார்.

"எனக்கோசரமா மாத்துன?"

"ஆமாங்கம்மா."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல? நான் பஸ்ஸுல போய்க்கிருப்பனே. உன்ற ஆசைய எதுக்கு விட்ட?"

பழசையே மாட்டியதற்காக நான் அவரிடம் நன்றியை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவருக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இப்போதும் டிராக்குக்குப் போகிறேன். கார் முன்போலவே சாய்கிறது. வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஓட்டுகிறேன்.