சாயும் மேசைக்கு ஒரு காப்புரிமை

அமெரிக்காவில் எந்தக் காலத்திலோ எவனோ கூரை வேய மரச் சில்லு அறுத்தான் என்றால், அதற்கு அருள்புரத்தில் இருக்கும் நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

என் பட்டறையில் நான் செய்த மெஷின், பெண்கள் சட்டையின் தோளுக்குள் வைக்கும் பேடு என்ற மெத்தைத் துண்டை ஃபோம் கட்டையிலிருந்து அறுப்பது. பேடு ஒரு ஓரம் தடியாகவும் மறு ஓரம் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். அதனால் கட்டை வைக்கும் மேசை ஒரு வெட்டுக்கு இப்படிச் சாயும், அடுத்த வெட்டுக்கு அப்படிச் சாயும். துளி ஃபோம் வீணாகாது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்குள் ஒரு பெரிய கம்பெனி அதை அச்சு அசலாகச் செய்து விற்க ஆரம்பித்து, எனக்கு உரிமை தரக் கூடாதென்று ஆட்சேபமும் போட்டது. அவர்கள் காட்டிய ஆதாரம்தான் அந்தப் பழைய அமெரிக்கப் பேட்டன்ட். படத்தைப் பார்த்தேன். மரக்கட்டை, கத்தி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாயும் மேசை. அடப்பாவி!

"மரம் அமுங்காதுங்க, ஃபோம் அமுங்கும்," என்றேன் கோயமுத்தூர் வக்கீலிடம். "அதுக்குத்தான் கத்தி வர்றதுக்கு முந்தி அமுக்கிப் புடிக்கத் தகடு வெச்சிருக்கறனுங்க. அது அவன்கிட்ட இல்லீங்க."

"அப்ப அந்தத் தகடுதான் நமக்கு உசுரு. அதுவும் புதுசில்லைன்னா கேஸே இல்லீங்க," என்றார்.

காப்புரிமை அலுவலக விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. பக்கத்தில் என் மனைவி. வக்கீல் தகட்டை விளக்க, அதிகாரி தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே எதிர்த்தரப்பு வக்கீல், ஒரு வீடியோ காட்ட வேண்டும் என்றார்.

எங்கள் தெருவில் புது மெஷினை ஆயுத பூஜையன்று, அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு ஓட்டிக் காட்டித்தான் தொடங்குவோம். ஒளித்து ஓட்டினால் தொழில் விளங்காது என்பார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். விண்ணப்பம் போட்டது அதற்குப் பிறகு. நாமே ஆனாலும், விண்ணப்பத்துக்கு முன்பு ஊரறியக் காட்டிவிட்டால் அது புதுசில்லை என்பதுதான் சட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாரோ எடுத்து, ஊர் உலகம் பார்க்கப் போட்ட வீடியோ அது.

வாழைக்கன்று, பொரி, சந்தனம் வைத்த மெஷின். நடுவில் நான் தகட்டைத் தட்டித் தட்டிக் கத்துகிறேன்: "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க! சூட்சுமமே இதுலதானுங்க இருக்குது!"

அதிகாரி வீடியோவை நிறுத்தினார். "இது நீங்கதானா?"

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். என் வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நானேதானுங்க," என்றேன். அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார். திரையில் நின்றுபோன என் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.