உப்புக்காரர் எழுதிய பதில்கள்

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் தெய்வசிகாமணி மூன்று முறை கை கழுவுவார். கூனிமேட்டில் ஷம்சாத் என்ற பெண்மணி நடத்தும் பிரவுசிங் சென்டர் வாசலில் இதற்கென்றே ஒரு பச்சை வாளியும் குவளையும் இருக்கும். 2005 ஜூன் மாதம் அவர் வழக்கமாக உட்காரும் நான்காம் எண் கம்ப்யூட்டரில் இரண்டு எழுத்துகள் வெள்ளையாகப் பூத்து, அழுத்தினால் எழும்பாமல் நின்றுவிட்டன. "அண்ணா, ஒங்க வெரல்லயே உப்பு இருக்குது. இப்பிடியே போனா எம் மெஷின ஊறுகா போட்டுடுவீங்க" என்று ஷம்சாத் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் முதல் வாளி. கழுவிய கையைத் துண்டில் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார் தெய்வசிகாமணி. ஷம்சாத் தலையசைத்த பிறகே நாற்காலி.

அவருடைய ஊரான மரக்காணத்திலேயே ஒரு சென்டர் உண்டு. அங்கே தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் பத்து கிலோமீட்டர் மொபெட்டில் கூனிமேட்டுக்கு வருவார். காலை பதினொன்றேகாலுக்கு வந்தால் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பார். அந்த நேரத்தில் மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களிலும் பெண்களாகவே இருப்பார்கள். காதில் ஹெட்போன், எதிரே கேமரா, அந்தப் பக்கம் தம்மாமிலோ ஷார்ஜாவிலோ கணவன். ஒரு பெண் குழந்தையின் புதுப் பல்லைக் கேமராவுக்கு அருகில் பிடித்துக் காட்டுவாள். இன்னொருத்தி, "சாப்டீங்களா? இன்னா சாப்டீங்க? நேத்தும் அதத்தான சொன்னீங்க?" என்று சண்டை பிடிப்பாள். நடுவில் தெய்வசிகாமணி ஒற்றை விரலால் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கம்ப்யூட்டரிலும் ஹெட்போன் தொங்கும். அதை அவர் எடுத்துப் பார்த்ததே இல்லை.

வயது அறுபத்தொன்று. ஒல்லி. இடுப்பில் எப்போதும் நாலு முழ வேட்டி, பையில் மூடியில்லாத நீலப் பேனா. நாலு ஏக்கர் உப்பளம், முப்பத்திரண்டு பாத்தி. மனைவி சின்னப்பாப்பா 1999 கார்த்திகையில் இறந்தார். ஒரே மகள் செந்தமிழ் பெங்களூரில், மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அந்த மூன்றாம் மாடிக்கு அவர் ஒரே ஒரு முறை போயிருக்கிறார், பதினோரு நாள் இருந்திருக்கிறார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியலம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது அளத்தின் வரப்புகள் கரைந்தன. பாத்திகளில் அரையடிச் சேறு நின்றது. அதை வாரிக் கொட்டி, வரப்புக் கட்டி, மறுபடியும் உப்பு பூப்பதற்குள் வழக்கமாக வாங்குகிறவர்கள் வேறு ஊர் உப்புக்குப் போய்விட்டார்கள். சாலையோரத்து அளங்களில் எதேச்சையாக லாரி நிற்கும். தெய்வசிகாமணியின் அளம் சாலையிலிருந்து அறுநூறு அடி உள்ளே. அங்கே யாரும் எதேச்சையாக வருவதில்லை. அப்போதுதான் ஷம்சாத், வாடகை இல்லாத இணையப் பக்கம் ஒன்றை அவருக்குத் தொடங்கிக் கொடுத்தார். 2005 மார்ச் 14, திங்கட்கிழமை. மேலே அளத்தின் பெயர், நடுவில் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் புகைப்படம், கீழே மின்னஞ்சல் முகவரி. புகைப்படம் உச்சிவெயிலில் எடுத்தது; வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. மூன்று நாள் கழித்து விடியற்காலையில் எடுத்த இரண்டாவது படத்தில்தான் அது உப்பு என்று புரிந்தது.

வியாபார டைரக்டரிகள் ஏழில் பெயரைப் பதிவு செய்தார்கள். "தெனமும் ஏதாவது புதுசா போட்டாத்தான் ஆளுங்க வருவாங்களாம்ணா" என்று ஷம்சாத் எங்கோ படித்ததைச் சொன்னார். உப்பளத்தில் தினமும் புதிதாக என்ன இருக்கிறது? தெய்வசிகாமணி தமக்குத் தெரிந்ததை எழுதினார். தண்ணீர் காய்ந்து அதன் உப்புச் செறிவு எத்தனை டிகிரிக்கு ஏறியிருக்கிறது, காற்று எந்தத் திசை, உப்புக்கல் பெரிதா சிறிதா. பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் நாலு வரி. ஞாயிறு தவிர ஒரு நாளும் தவறியதில்லை.

பக்கத்து அளம் கலியமூர்த்தியுடையது. சாலையை ஒட்டியது. வரப்பில் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் விடமாட்டார். "இன்னாப்பா சிகாமணி, கம்ப்யூட்டரு உப்பு வாங்குச்சா? வாங்கலன்னா சொல்லு, எங்க ஊட்டு டிவிய அனுப்பறேன். அதுல வர்ற நாடகத்துல உப்பே இல்ல."

"கடுதாசி வருதுப்பா" என்பார் தெய்வசிகாமணி. பொய்யில்லை. வந்தன. நாளுக்கு நாள் அதிகமாகவே வந்தன.

அவர் அறிந்த உப்பு வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. வெளியூர்க்காரர் போஸ்ட் கார்டு போட்டால் அன்றைக்கே பதில் போக வேண்டும். சரக்கு இல்லை என்றாலும், விலை கட்டாது என்றாலும் அதை எழுதிப் போட வேண்டும். ஒரு வாரம் பதில் வராவிட்டால் அந்த அளத்தை மூடிவிட்டார்கள் என்று பொருள். பிறகு அந்த முகவரிக்கு யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே மின்னஞ்சல் பெட்டியில் வந்த அத்தனைக்கும் அவர் அன்றன்றே பதில் எழுதினார்.

முதலில் எழுதியவர் கணவனை இழந்த ஒரு ஆப்பிரிக்கப் பெண்மணி. கணவர் விட்டுப்போன பெருஞ்செல்வத்தை வெளியே கொண்டுவர உதவி வேண்டும் என்றிருந்தார். தெய்வசிகாமணி முதலில் அனுதாபம் தெரிவித்தார். தமக்கும் துணை போய் ஆறு ஆண்டு ஆகிறது என்றும், முதல் இரண்டு வருடம்தான் கஷ்டம் என்றும் எழுதினார். பணம் தமக்கு வேண்டாம், ஆனால் உங்கள் ஊரில் மீன் உலர்த்துகிறவர்கள் இருந்தால் நல்ல கல்லுப்பு இருக்கிறது, மாதிரி அனுப்ப முகவரி தரவும் என்று முடித்தார். லாட்டரியில் அவருக்குப் பரிசு விழுந்ததாக எழுதியவருக்கு, சீட்டு வாங்கிய ஞாபகம் இல்லை, வேறு யாருக்காவது சேர வேண்டியதாக இருக்கும், விசாரித்துக் கொடுக்கவும் என்று எழுதினார். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை விற்றவருக்கு, அவசியம் ஏற்படவில்லை, நன்றி என்று ஒரே வரி. எல்லாவற்றின் அடியிலும் அன்றைய டிகிரி.

பதில் எழுத எழுத அவர்கள் மறுபடி எழுதினார்கள். அந்தப் பெண்மணி நான்கு முறை எழுதினார். நான்காவதில் தமக்கு உடம்பு சரியில்லை என்றிருந்தார். அன்று தெய்வசிகாமணி பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டே முக்கால்வரை உட்கார்ந்து வெந்தயக் கஞ்சி வைக்கும் முறையை ஆங்கிலத்தில் எழுதினார்.

2006 ஆகஸ்ட் 2, புதன்கிழமை அவருடைய பெட்டி நிரம்பித் திறக்க மறுத்தது. ஷம்சாத் வந்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது.

"அண்ணா, இதுக்கெல்லாமா பதில் போட்டீங்க?"

"கடுதாசி வந்தா போட வேணாமாம்மா?"

"ஐயோ, இது ஆளே இல்லண்ணா. மெஷினு. ஒரே கடுதாசிய லட்சம் பேருக்கு அனுப்பும். எவன் பதில் போடறானோ அவனுக்கு இன்னும் அனுப்பும்."

"அந்தம்மா..."

"அந்தம்மாவும் இல்ல."

அடுத்த கம்ப்யூட்டரில் ஒரு பெண் கணவனிடம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி தாம் எழுதிய பதில்களை எண்ணிப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு.

ஷம்சாத் அவருக்கு மூன்று அடையாளம் சொல்லிக்கொடுத்தார். "பேர் போடாம டியர் ஃப்ரெண்டுன்னு வந்தா தொடாதீங்க. அர்ஜென்ட்டுன்னு வந்தா தொடாதீங்க. போன் நம்பர் குடுன்னு வந்தா தொடவே தொடாதீங்க. தொறக்கக்கூட வேணாம், தலைப்பப் பாத்தே அழிச்சிடுங்க." தெய்வசிகாமணி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளும் வந்தார், நாலு வரி எழுதினார். பதில் எழுத எதுவும் இல்லாததால் பதினொன்றரைக்கே எழுந்துவிட்டார். வெளியே வந்தால் வெயில் அப்படியே இருந்தது. மீதி அரைமணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதக் கடைசியில் செந்தமிழ் போனில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டாள். "அப்பா, சுனாமிக்கப்புறம் ரெண்டு வருஷமா ஒத்த ஆளா நின்னுட்டீங்க. மழைக்குள்ள இந்த அம்பாரம் வித்துப் போச்சுன்னா சரி, நான் வாய தொறக்கல. போகலன்னா அளத்த கலியமூர்த்தி மாமாகிட்ட ஒப்படைச்சிட்டு தீபாவளிக்கு இங்க வந்துடணும். வந்தா வந்ததுதான்." தெய்வசிகாமணி சரி என்றார். அம்பாரத்தில் அப்போது பதினெட்டு டன் இருந்தது. ஐப்பசி பிறக்க ஐம்பது நாள்கூட இல்லை.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. டியர் ஃப்ரெண்ட், அர்ஜென்ட் என்று தலைப்பு. அழித்தார். 9ஆம் தேதி அதே தலைப்பு. அழித்தார். 15ஆம் தேதி டியர் ஃப்ரெண்ட், அர்ஜென்ட், போன் நம்பர் ப்ளீஸ். மூன்று அடையாளமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, ஷம்சாத் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று வியந்துகொண்டே அழித்தார்.

21ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கலியமூர்த்தியின் அளத்தில் லாரி நின்றது. அந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதுக்காரர் ஒருவர் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பின் மேல் தடுமாறித் தடுமாறித் தெய்வசிகாமணியை நோக்கி வந்தார்.

"நீங்கதானே கம்ப்யூட்டர்ல எழுதுறவர்? நான் நிஷாத்துங்க. ஆம்பூர்லேர்ந்து வர்றேன், தோல் மண்டி. மூணு மெயில் போட்டேன், பதிலே இல்ல. சரி, சரக்கு தீந்துடுச்சு போலன்னு நெனச்சேன்."

தெய்வசிகாமணி கையிலிருந்த வாருபலகையைக் கீழே வைத்தார். "டியர் ஃப்ரெண்டுன்னு..."

"ஆமாங்க. ஒங்க வெப் பக்கத்துல ஒங்க பேரு எங்கயும் போடலியே, அளத்துப் பேருதான இருக்குது. வேற எப்பிடி எழுதறது?" நிஷாத் சிரித்தார். "பச்சைத் தோலுங்க, உப்பு இல்லாம ரெண்டு நாள் தாங்காது. அதான் அர்ஜென்ட்டுன்னு எழுதினேன். கடைசியில நேர்லயே வந்துட்டேன். ரோட்டோரமா இந்த அளத்துக்காரரு இருந்தாரு, சரக்கு கேட்டேன், இருக்குதுன்னாரு. ஏத்தியாச்சு. நீங்க உள்ள இருக்கறத இப்பதான் சொன்னாரு."

"எவ்ளோ?"

"பத்து டன்."

கலியமூர்த்தி தூரத்திலிருந்து கையசைத்தார். அன்று அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"ஒங்க உப்புதான் எடுக்கணும்னு வந்தேங்க" என்றார் நிஷாத். "ஒரு வருஷமா படிக்கிறேன். காலைல மண்டி தொறந்ததும் மொதல்ல ஒங்க நாலு வரிதான். போன சித்திரைல ஒரு நாள் காத்து சுத்திச் சுத்தி அடிக்குது, கல்லு ஒடையுதுன்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்குப் பூரா எனக்கு மனசே சரியில்ல." பிறகு தயங்கி, "இனிமே தை பொறந்துதான் அடுத்த லோடு. அதுக்குள்ள மழைல கரைஞ்சிடுமில்ல?" என்று கேட்டார்.

தெய்வசிகாமணி அவரை அம்பாரத்துக்கு அழைத்துப் போனார். ஓரத்தில் கிடந்த ஈர மேலோட்டை உதைத்துத் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். நிஷாத் அதை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நாக்கில் வைத்தார், மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். லாரி ஹாரன் அடித்தது. "மூடி வச்சா நிக்கும்" என்று தெய்வசிகாமணி சொன்னபோது அவர் பாதி வரப்பைத் தாண்டியிருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பி ஒரு முறை தலையை ஆட்டினார்.

அன்று பதினொன்றேகாலுக்குக் கூனிமேட்டில் தெய்வசிகாமணி எழுதியது ஆறு வரி. டிகிரி இருபத்தைந்து. காலையில் காற்று இல்லை, மாலையில் கடல்காற்று பலமாக இருக்கும். பக்கத்து அளத்திலிருந்து பத்து டன் ஆம்பூர் போனது. அதுவும் நல்ல உப்புதான். இங்கே பதினெட்டு டன் இருக்கிறது. இன்று தென்னங்கீற்று போட்டு மூடுகிறேன், தை வரை நிற்கும்.

ஷம்சாத் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். "அடுத்தவங்க சரக்க எதுக்குண்ணா நம்ம பக்கத்துல போடுறீங்க?"

"படிக்கிறவரு இருக்காரும்மா. விட்டா தப்பாயிடும்."

"அப்ப பெங்களூரு? பொண்ணுகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூனிமேட்டிலேயே நூற்றிருபது கீற்று சொல்லி, மூன்று மணிக்குள் அளத்தில் இறங்கும்படி வண்டிக்காரரிடம் இரண்டு முறை வற்புறுத்தினார்.

அம்பாரம் மூடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கீற்றை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். கலியமூர்த்தியின் ஆட்கள் காலை முழுக்க மூட்டை ஏற்றிய அலுப்பில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். உச்சியில் முதல் வரிசையை விரித்துவிட்டுக் கயிற்றை எடுக்கக் குனிந்தார். நாலரை மணிக்குக் கடல்காற்று வந்தது. ஒரு கீற்று எழும்பியது, அதன் அடியிலிருந்த இன்னொன்றும் எழும்பியது. அவர் கயிற்றை விட்டுவிட்டு, வெள்ளை அம்பாரத்தின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, காற்று அடங்கும்வரை கீற்றுகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.