சும்மாதான் நடக்கிறேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காரணமில்லாமல் நடக்க முடியாது. கால் ஒத்துழைக்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரே விடாது. அதைத்தான் சொல்கிறேன்.

என் வலது முழங்கால் தேய்ந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் வலைப்பந்து விளையாடிய கால். மாகாண மட்டம் வரை போனேன் என்று சொன்னால் நான் பெற்றதுகளே சிரிக்கின்றன. கல்யாணம், இரண்டு பிரசவம், கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை வேலை என்று இருபது வருஷம் போய்விட்டது. இதற்கு நடுவில் உடற்பயிற்சி என்ற பேச்சே கிடையாது. வலி வந்தால் தைலம். வலி போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் தைலம்.

போன வருஷம் மூன்றாம் தவணை தொடங்கியதும் பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அடுத்த வருஷம் உங்க பிள்ளைங்க பதினோராம் தரம். மேல் கட்டடத்துக்குப் போயிருவாங்க. உங்களால அவ்வளவு படி ஏற முடியாது. கணக்கப் புதுசா வந்த சேர் எடுக்கட்டும். நீங்க கீழ நூலகத்தப் பாத்துக்குங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பிள்ளைகளை எட்டாம் தரத்திலிருந்து நான் கூட்டி வந்திருக்கிறேன். பின்னம் என்றால் மேசைக்கு அடியில் ஒளியப் பார்த்ததுகள், இப்போது சமன்பாடு போடுகின்றன. சாதாரண தரப் பொதுப் பரீட்சை வருஷத்தில் வேறொருவர் கையில் கொடு என்றால், சமைத்தவளைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிற கதைதான்.

"புது வருஷம் முதல் நாள் மணி அடிக்கிறப்ப நான் மேல நிப்பேன் சேர். நிக்கலேன்னா நூலகச் சாவியக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல் தாண்டியதும்தான் அறுபத்தெட்டுப் படி என்பது ஞாபகத்துக்கு வந்தது. என் வாய்க்கு முழங்கால் இருந்திருந்தால் அதுவும் தேய்ந்திருக்கும்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற சிங்களப் பெண் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து வரை எண்ண வேண்டும். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். "ஹெமின், ஹெமின்" என்றாள். மெதுவாகப் போ, ஆனால் நிறுத்தாதே, நிறுத்தினால் மறுபடி இறுகிப்போகும். ஏறும்போது வலிப்பதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும் என்றும் சொன்னாள். அது எனக்கே தெரியும். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் முட்டிக்குள் யாரோ ஊசி ஏற்றுவார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் நடக்க ஆரம்பித்தேன். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்தெடுக்கும் பெண்கள் எதிரில் வந்தார்கள்.

"எங்கங்க டீச்சர்?"

"சும்மாதான் நடக்கிறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா நடக்கிறாளாம்! மலையில் ஏறி இறங்கியே ஆயுசு போகிற ஊரில் சும்மா நடக்கிறவள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை போட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிறவன் என்னிடம் படித்தவன்.

"ஏறுங்க டீச்சர். நொண்டிக்கிட்டுப் போறீங்க, பாக்கச் சங்கடமா இருக்கு."

"வேணாம்பா, நான் நடக்கணும்."

"காசு வேணாம் டீச்சர்."

"காசுக்காக இல்லடா! நடக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க!"

புரிந்த மாதிரி தலையாட்டினான். புரியவில்லை. நான் விழுந்துவிடுவேனோ என்று தொழிற்சாலை வரை பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான். சுத்தமான மலைக்காற்று என்று பேர். அரை மணி நேரம் நான் இழுத்ததெல்லாம் அவன் வண்டிப் புகைதான்.

அந்த வாரமே தோட்டத் தலைவர் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் தீர்த்துவைப்பவர் அவர்தான். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கனைத்தார்.

"டீச்சரம்மா காலையிலேயே வீட்ட விட்டுக் கெளம்பிப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. ரெண்டு பேரும் படிச்சவங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் தோட்ட ஆபீஸில் கிளாக்கர். சிரித்து மறுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "நான் ஒண்ணுமே செய்யலைங்க தலைவரே" என்றார். என்ன குரல் அது! கேட்டால் எனக்கே சந்தேகம் வரும். தலைவர் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்கம்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சரி, காரணம்தானே வேண்டும் என்று ஒரு துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊருக்கு நிம்மதி. ஆனால், "கடைக்குத்தானே போறீங்க, ஒரு றாத்தல் பாண்", "அப்படியே சீனி அரைக் கிலோ" என்று ரொட்டி முதல் சர்க்கரை வரை ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாம் நாள் மாவும் பருப்பும் சீனியும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி வந்தேன். முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பையை அடுப்பில் போட்டு எரிக்கலாமா என்று நினைத்தேன்.

நாலாம் நாள் வெறுங்கையோடு போனேன். திருப்பத்தில், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா கூடையோடு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"டீச்சருக்கும் முட்டியா? எனக்கும்தான். எனக்கு நடக்கச் சொல்லி யாரும் எழுதித் தரலீங்க, நான் பாட்டுக்கு நடக்கிறேன்" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் வலியைக் குறைக்க நடக்கிறேன். அவர் வலியோடு பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்க நடக்கிறார். யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. படி ஏறாவிட்டால் வகுப்பு கைமாறிவிடும் என்பதை, அதுவரை வெளியில் யாரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன்.

"எம்மக கணக்குல தேறணும் டீச்சர். எப்படியாச்சும் ஏறிருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எவன் கேட்டாலும் நான் நிற்கவில்லை. மழையில் குடையோடு நடந்தேன். அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே நடந்தேன். நாற்காலியில் காலை நீட்டி எண்ணுவது முதலில் நாலில் நின்றது, பிறகு ஏழில், டிசம்பரில் பத்தைத் தொட்டது. வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வலி இருந்தது, நானும் இருந்தேன்.

புது வருஷம் முதல் நாள் மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது படியில் கால் வைத்தேன். பாசி பிடித்த படிகள். கைப்பிடிக் கம்பி பனியில் ஜில்லென்று இருந்தது. முப்பதாவது படியில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ஐம்பதில் அதிபரைத் திட்டினேன். அறுபதில் என்னையே திட்டினேன். அறுபத்தெட்டு! மூச்சு வாங்க வகுப்புக்குள் போனேன்.

உள்ளே ஒருவரும் இல்லை. பெஞ்சு இல்லை, மேசை இல்லை. சுவரில் கரும்பலகை மட்டும் இருந்தது.

மணி அடித்தது. கீழேயிருந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் பிள்ளைகள் அத்தனை பேரும் பழைய பத்தாம் தர வகுப்பின் வாசலில் நின்றார்கள். பெஞ்சுகளெல்லாம் அங்கே இருந்தன. பக்கத்தில் அதிபர், முகம் நிறையச் சிரிப்போடு.

"பிள்ளைங்கதான் டீச்சர் கேட்டாங்க! நேத்தே வந்து எல்லாத்தையும் எறக்கிட்டாங்க. வகுப்பு உங்களுக்குத்தான். இனி நீங்க ஏறவே வேணாம்!"

அந்தக் கொழுந்தெடுக்கும் அம்மாவின் மகள் கையை வாய்க்குக் குவித்துக் கத்தினாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க டீச்சர்! உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்! எறங்கி வாங்க டீச்சர்!"

மூன்று மாசம்! புகை, பாண், தலைவர், அட்டை! அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலை அதிரக் கத்தினேன்.

"எறங்குறதுதான்டி எனக்கு வலிக்கும்! பெஞ்சத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேல வாங்க!"