பையை முதலில் தொட்டவள்

துப்ரோவ்னிக் பேருந்து நிலையத்தில் அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். முதுகுப்பையோடு வந்து இறங்குகிற வெளிநாட்டுப் பிள்ளையின் பையில் எந்தப் பெண்ணின் கை முதலில் படுகிறதோ, அந்தப் பிள்ளை அவள் வீட்டு விருந்தாளி. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகிவிட வேண்டும். ‘அறை வாடகைக்கு’ என்று எழுதிய அட்டையோடு முப்பது பெண்கள் வெயிலில் நிற்பார்கள். ஸ்பிளிட்டிலிருந்து வரும் பேருந்தின் கதவு திறந்ததும் அட்டைகள் அக்குளுக்குப் போகும், கைகள் நீளும்.

“வீடு பக்கமா?” என்று பிள்ளைகள் சைகையில் கேட்பார்கள்.

“ரெண்டு நிமிஷம். அஞ்சாறு படி.” எல்லாப் பெண்களும் சொல்லும் பதில் இதுதான். அவர்களில் ஒருத்தி பாவே. அவள் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.

இப்போது அந்த இடத்தில் ஈ காக்கை இல்லை. வருகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். பாவேயின் அறையையும் அவள் மகள் ஸாக்ரெபிலிருந்தே வாடகைக்கு விட்டுவிடுகிறாள். கதவோரம் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி. பெட்டிச் சக்கரம் படியில் தடதடக்கும் சத்தத்தை வைத்துத்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பாவே தெரிந்துகொள்கிறாள். பக்கத்து அறையில் படுத்திருப்பவனின் முகம்கூடத் தெரியாத பிழைப்பு என்ன பிழைப்போ, அவளுக்குப் புரியவே இல்லை.

அந்த அக்டோபர் காலையில் எழுபத்து நான்கு வயதில் அவள் மறுபடி நிலையத்துக்குப் போனது ஆள் பிடிக்க அல்ல. யெலே ஊரை விட்டுப் போகிறாள். முப்பது வருடம் பாவேயோடு மல்லுக்கு நின்ற அதே யெலே. முழங்கால் படியேற மறுக்கிறது என்று மகன் நிக்ஷா அவளை ரியேகாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். பத்தரை மணிக்குப் பேருந்து. அதற்குள் பாவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் யெலேயிடம் சொன்ன ஒரு பொய்க்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டது.

அந்த ஜூலை மாதம் வந்தவன் பெயர் யெஸ்பர். டென்மார்க்குக்காரன், ஒட்டடைக்கம்பு உயரம், சிவப்புப் பை. இடப்பக்க வாரைப் பாவே எட்டிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் பிடித்தது வாரை அல்ல, வாரைப் பிடித்திருந்த யெலேயின் கையை.

“விடுடி, நான்தான் முதல்ல,” என்றாள் யெலே.

பாவேயின் புருஷன் செத்து அது முதல் கோடை. அறை நான்கு நாளாகக் காலி. “வ்லாஹோ மேல சத்தியமா நான்தான்,” என்று சொல்லிவிட்டாள்.

ஊரைக் காக்கும் புனிதர் வ்லாஹோ. அவர் பெயரில் அந்த ஊரில் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். யெலே ஒரு கணம் அவளைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

யெஸ்பர் இரண்டு ராத்திரி தங்கினான். கோட்டை மதில்மேல் பகலெல்லாம் சுற்றி முதுகு வெந்து வந்தான். பாவே தயிர் தடவிவிட்டாள். பொரித்த சின்ன மீனைத் தலையோடு தின்னக் கற்றுக்கொண்டான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அவன் தன் பாஷையில் ஏதேதோ பேச, இவள் தன் பாஷையில் திட்டிக்கொண்டே பரிமாறினாள். வீட்டில் மறுபடி ஒரு ஆள் பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தது அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவன் போன பிறகுதான் உணர்ந்தாள்.

அவன் கிளம்பியபோதுதான் ஒரு விபரீதம். விருந்தாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பயணிகள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பாவே வாங்கினாள், ரொட்டி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தாள், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவன் இத்தாலிக் கப்பலுக்குக் கிளம்பிப் போன பிறகு ரொட்டி எடுக்கப்போனவளின் கையில் பாஸ்போர்ட் தட்டுப்பட்டது. பதிவு செய்யாமல் ஏற்கெனவே ஒரு முறை பிடிபட்டவள் அவள். இன்னொரு முறை என்றால் அறை விடும் அனுமதியே போய்விடும். வேறு வருமானம் கிடையாது.

செருப்பு ஒரு கையில், பாஸ்போர்ட் ஒரு கையில், துறைமுகம்வரை ஓடினாள்.

அங்கே பையைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு அழாத குறையாக யெஸ்பர் நின்றான். பக்கத்தில் போலீஸ்காரர். அவருக்கு எதிரே, கப்பலில் வருகிறவர்களைப் பிடிக்க வந்திருந்த யெலே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“ஆமா, என் வீட்டு விருந்தாளிதான். பதியல, மறந்துட்டேன். தப்பு என்னோடது,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடி வந்த பாவேயைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. “இதோ, வீட்டு வேலைக்காரி கொண்டாந்துட்டா. ஏண்டி இவ்வளவு நேரம்? குடு இங்க.”

பாவே கொடுத்தாள். யெஸ்பர் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுக் கப்பலுக்கு ஓடினான். வேலைக்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று போலீஸ்காரர் முறைத்தார். யெலேயின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

“எதுக்குடி அப்படிச் சொன்னே?” என்று பாவே கேட்டாள்.

“பொய்யா சொன்னேன்? முதல்ல தொட்டவ வீட்டு விருந்தாளிதானே.”

அந்த ஆகஸ்ட் முழுக்க யெலேயின் அறைக்கு அனுமதி ரத்து. ஊரே நிரம்பி வழிந்தபோது அவள் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செப்டம்பரில் வந்து மறுபடி வாரைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள், ஒன்றும் நடக்காதது போல.

பாவேயால் அப்படி இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பிப்ரவரித் திருநாளிலும் தொண்டை நோய் அண்டாதிருக்கப் பாதிரியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காக அவள் கழுத்தில் வைத்து வ்லாஹோவின் ஆசியைச் சொல்லும்போது தொண்டைக்குள் அந்தச் சத்தியம் முள்ளாகக் குத்தும். நடுவில் போர் வந்தது. குண்டு விழுந்த நாட்களில் ஒரே நிலவறையில் ஒரே கம்பளியை இருவரும் போர்த்திக்கொண்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கம்பளியை நீ ஜாஸ்தி இழுத்துக்கொண்டாய் என்று சண்டைதான் போட்டாள்.

இப்போது மணி பத்து இருபத்தைந்து. யெலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், காலடியில் பழுப்புப் பை. நிக்ஷா பயணச்சீட்டோடு நின்றான்.

“அட, ஆள் பிடிக்கவா வந்தே?” என்றாள் யெலே.

“கேளு. வ்லாஹோ மேல சத்தியமா சொல்றேன். அந்த டென்மார்க்குப் பையனை முதல்ல தொட்டது நீதான்.” சொல்லும்போது பாவேக்கு அழுகை வந்துவிட்டது. “பொய் சத்தியம் பண்ணேன். உன் ஆகஸ்டையும் தின்னேன்.”

“அது எனக்குத் தெரியாதா? என் கை மேலதானேடி உன் கை இருந்துச்சு. நீயா வாயைத் திறந்து சொல்வியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நல்லவேளை, அஞ்சு நிமிஷம் மிச்சம் வெச்சு சொன்னே.”

சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரியேகா பேருந்து உறுமியது. நிக்ஷா குனிந்து பையை எடுக்கப் போனான். அதற்குள் பாவேயின் கை பையின் வாரில் விழுந்தது. இந்த முறை வாரில்தான்.

“அத்தை, நேரமாச்சு, கையை எடுங்க,” என்றான் நிக்ஷா.

பாவே எடுக்கவில்லை. யெலே அந்தக் கையைப் பார்த்தாள், பேருந்தைப் பார்த்தாள்.

“அவ தொட்டுட்டாடா. நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். பிறகு பாவேயிடம், “வீடு பக்கமா?”

“ரெண்டு நிமிஷம். அஞ்சாறு படி.”

நூற்றுப் பன்னிரண்டு படியும் தாயைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது யார் என்பது நிக்ஷாவுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்தான். யெலே அவன் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

“ரெண்டே ராத்திரிதான். ஆனா பாஸ்போர்ட்டை மட்டும் உன் கையில குடுக்க மாட்டேன்.”