இருநூற்று நாற்பத்தெட்டுப் பேர்

எங்கள் பள்ளி கோ-கோ அணி தோற்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஆண்டுதோறும் தாம்பரத்தில், முதல் சுற்றில், அதே பெரிய பள்ளியிடம்தான் தோற்போம். ஒன்பது மணிக்கு மைதானத்தில் இறங்கினால் பத்தரைக்கெல்லாம் பெருங்களத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருப்போம். மத்தியானத்துக்கென்று கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பள்ளிக்கே திரும்பிவந்து தின்ற ஒரே அணி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரிய பள்ளிக்கு இருபது பஸ்கள் இருந்தன. மூவாயிரம் பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைச் சலித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் பள்ளியோ ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. காய்ச்சல் இல்லாமலிருந்தால் போதும், அணியில் இடம் உண்டு. விளையாட்டு டீச்சர் என் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். வாசற்படி வரைக்கும் அத்தை, பள்ளி கேட்டைத் தாண்டினால் மிஸ். நான் எட்டாம் வகுப்பு. அணியில் கடைசியாக இறங்கி ஓடுகிறவள்.

அந்த வருடம் போட்டியை நடத்தும் விளையாட்டு ஆசிரியர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். இனிமேல் பள்ளிகள் இரண்டு பிரிவு. இருநூற்றைம்பது பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் ஏ பிரிவு, குறைந்தால் பி பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கோப்பை.

அன்று சாயங்காலம் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. தலையை எண்ணிப் பிரிப்பதுதான் நியாயம் என்றார் அப்பா. சித்தப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை, பேச்சிலும் பட்டறை வாசம் அடிக்கும். "தல எண்ணி இன்னா பண்றது? கிரவுண்டு இன்னா சைஸ்ல கீதுன்னு பாக்கணும். நம்ம புள்ளைங்க சந்துல நிக்கிற தண்ணி லாரிய சுத்திகினு ஓடுதுங்க" என்றார். "ஜெயிக்கிறவங்களை ஒரு பிரிவா, தோக்கிறவங்களை ஒரு பிரிவா வெச்சா வேலை முடிஞ்சுது" என்று அம்மா சமையலறையிலிருந்து தீர்ப்புச் சொன்னாள். பஸ்களை எண்ணிப் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. அத்தை மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சுற்றறிக்கையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

பிரேயருக்கு முன் கரும்பலகையில் பதிவு, வருகை எழுதுவது என் வேலை. ரிஜிஸ்டரில் பெயர் உள்ளவர்கள் பதிவு, அன்றைக்கு வந்தவர்கள் வருகை. வருகை தினமும் மாறும். பதிவு மாதக்கணக்கில் 253-லேயே நின்றது. வெறும் நாலு பேர் குறைந்தால் நாங்கள் பி பிரிவு. எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணினேன். அப்போதுதான் பிடிபட்டது. இரண்டு குடும்பங்கள் கட்டட வேலைக்காகக் கேளம்பாக்கம் போய்விட்டன. அவற்றின் ஐந்து பிள்ளைகள் ஜூனிலிருந்தே பள்ளிக்கு வரவில்லை. பெயர்களை மட்டும் தினமும் கூப்பிட்டு, 'ஆப்சென்ட்' போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருநூற்று நாற்பத்தெட்டு. கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, வகுப்புவாரியாக எழுதி, அடியில் அந்த ஐந்து பெயர்களையும் எழுதினேன். அணிக்குள் விஷயம் பரவியதும் பயிற்சியே நடக்கவில்லை. கோப்பையை எட்டாம் வகுப்பில் வைப்பதா, ஹெச்.எம். அறையில் வைப்பதா என்பதில் பெரிய சண்டை.

அத்தை விண்ணப்பத்தில் 253 என்று எழுதி, ஏ பிரிவில் டிக் போட்டாள்.

"மிஸ், நாம இருநூத்து நாப்பத்தெட்டுதான். அஞ்சு பேர் கேளம்பாக்கம் போயிட்டாங்க."

"ரிஜிஸ்டர்ல பேர் இருக்குல்ல?"

"ஆள் இல்லையே மிஸ்."

"வந்துடுவாங்க. நானே போய்ப் பேசிட்டு வந்திருக்கேன். நீ போய் பிராக்டிஸ் பண்ணு."

"தோத்துடுவோம் மிஸ்."

"தோத்தா என்ன? அடுத்த வருஷமும் ஆடலாம்."

அத்தைக்கு வீண் ஜம்பம் என்று முடிவு கட்டினேன். சின்னப் பள்ளி என்று சொல்லிக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தோடுதான் மைதானத்தில் இறங்கினேன். கோபம் காலுக்கு நல்லது என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசி மூன்று பேராக உள்ளே போனோம். மற்ற இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் அவுட். நான் ஒருத்திதான் மிச்சம். கம்பத்தைச் சுற்றினேன், வரிசைக்கு நடுவே புகுந்தேன், துரத்தியவளின் விரல் என் சட்டையைத் தடவிப் போனது. "கோ, கோ" என்று அவர்கள் கத்தக் கத்த நான் ஓடிக்கொண்டே இருந்தேன். கோட்டுக்கு வெளியே அத்தையும் என்கூடவே ஓடிக்கொண்டிருந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. விசில் ஊதியபோது நான் அவுட் ஆகவில்லை. அப்படியும் தோற்றோம். ஆனால் ஒரே பாயிண்டில். அத்தை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததேயில்லை. எனக்கோ ஆத்திரம் தீரவில்லை. போன மாதம் பயிற்சி ஆட்டத்தில் எங்களிடம் தோற்ற ஒரு சின்னப் பள்ளி பக்கத்து மைதானத்தில் பி பிரிவுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தது.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஹெச்.எம். பதற்றமாக இருந்தார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க ஸ்கூல்ல எத்தனை பேரும்மா?"

"பதிவைக் கேக்கறீங்களா சார், நிஜத்தைக் கேக்கறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நிஜத்தையே சொல்லு."

பிள்ளைகளை எண்ண வருகிறவர் கோ-கோவுக்காகத்தான் வந்திருப்பார் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஓடிப்போய் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டினேன். அவர் பேனாவை எடுத்து ஐந்து பெயர்களையும் சுற்றி வட்டம் போட்டார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். அத்தை வாலிபால் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை.

மறு வருடம் எங்களைப் பி பிரிவில் போட்டார்கள். சொல்லிவைத்த மாதிரி ஜெயித்தோம். புளிசாதத்தை முதல்முறையாக மைதானத்திலேயே உட்கார்ந்து தின்றோம். எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சயின்ஸ் டீச்சர், குடை பிடித்துக்கொண்டு நிழலிலேயே நின்றார். அத்தையை மதுராந்தகத்துக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணி ரயிலுக்குப் போனால் சாயங்காலம் ஏழரைக்குத்தான் வருவாள்.

அன்றும் ஏழரைக்கு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் கோப்பையை அவள் கையில் திணித்தேன்.

"பாத்தியா அத்தை, பி பிரிவுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைசி பேட்ச் எத்தனை நிமிஷம் நின்னீங்க?"

"அஞ்சரை."

"அஞ்சரையா" என்று கேட்டுவிட்டு என் முழங்காலில் இருந்த சிராய்ப்பைத் தடவினாள்.

இருநூற்றைம்பது பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு விளையாட்டு டீச்சர் பணியிடம் கிடையாது. போட்டி நடத்திய விளையாட்டு ஆசிரியர்கள் பள்ளிகளைப் பிரிக்க உட்கார்ந்தபோது அவர்கள் வாயில் முதலில் வந்ததும் அந்த எண்தான். எனக்கு இதெல்லாம் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்றைக்குக் கோப்பையை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, நாங்கள் ஜெயித்ததே என் கணக்கால்தான் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு தடவைகூட மறுக்கவில்லை.