காலியில்லாத பொடக்காலி

எங்கள் பழைய மில் ஆட்களின் வாட்ஸப் குழுவில் காலையில் ஒரு பூமாலைப் படம் வந்தது. கீழே சுலோச்சனா அக்காவின் பெயர். நான் நம்பவில்லை. போன வருடம் இதே குழுவில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவருக்கு ஆளாளுக்கு இரங்கல் போட, மாலையில் அவரே "நன்றிங்க" என்று பதில் போட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று அக்கா என்னிடம், "பொணத்தப் பாக்காம மாலை வாங்காதே அம்மணி" என்றார். அதனால் அவருடைய எண்ணுக்கே போன் செய்தேன். முந்தின இரவுதான் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் பிரபு எடுத்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். அப்போதும் நம்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்கு அப்படி யோசிக்கப் பழக்கியவர்தான் போய்விட்டிருந்தார்.

சிங்காநல்லூரில் நம் மில்லில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நூலில் குறை பார்க்கும் பிரிவில் இருந்தார். நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். "கண்ணுக்கு நல்லாத் தெரியறதத்தான் இழுத்துப் பாக்கோணும்" என்பார். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் நூலாகத் தேடி எடுத்து இழுப்பார். அவர் மேல் கோபப்பட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அது நியாயமான கோபம்தான். நான் கொடுத்த ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்.

கணவர் போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார்; என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. இந்தப் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பிரபு, வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சை எடுத்தான். நம் பக்கம் வீட்டின் பின்புறத்தைப் பொடக்காலி என்போம் அல்லவா, அதைக் காட்டி, "பொடக்காலி பூரா காலியாத்தானம்மா கெடக்குது. கட்டி முடிக்கற வரைக்கும் எங்கூட வந்து இருங்க" என்றான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பேர்ல காலி இருந்தா எடமும் காலின்னு அர்த்தமா?" என்று கேட்டார் அக்கா.

மகன் ஊருக்குப் போனதும் என்னிடம் சொன்னார்: "போனா திரும்பி வர எனக்கு ஊடு இருக்காது அம்மணி. நான் இங்கதான் சாகோணும். வெறுமனே கெடந்தாத்தானே காலிங்கறான்?" அடுத்த மாதமே மண்வெட்டி வாங்கி வந்துவிட்டார். அதுவரை அந்த வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடிகூட இருந்ததில்லை.

மாசி மாதம் அது. "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்களேக்கா, இப்பவே ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஆடி வரைக்கும் எடம் இருக்கும்னு எவன் சொன்னான்?"

செம்மண் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தி, மூட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறினார். உள்ளே சிமெண்டுக் காரை வந்தது. மூட்டை போன வழியே திரும்பிப் போனது. விதைப் பொட்டலத்தின் மேல் இருந்த வெண்டைக்காய்ப் படத்தைப் பார்த்து, "இத்தனை பச்சையா எந்தக் காய் இருக்குது?" என்றார். ஈரத்துணியில் முடிந்து முளைக்கிறதா என்று பார்த்த பிறகே விதைத்தார். முளைத்ததும் அடுத்த கவலை. எதிர் மாடியிலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று திருஷ்டிக்குப் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு கத்தரி நாற்றும் பலியானது. வரிசையில் அதுதான் நன்றாக இருந்தது. ஒருநாள் காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், வேரோடு.

"என்னங்கக்கா ஆச்சு?"

"வேர் புடிச்சிருக்குதான்னு இழுத்துப் பாத்தேன்."

"புடிச்சிருந்துதுங்களா?"

"நல்லாத்தான் புடிச்சிருந்துது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தன்னைப் பார்த்து அவர் சிரித்து அன்றுதான் கண்டேன்.

பங்குனியில் பிரபு எனக்குப் போன் செய்தான். "நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க ஆன்ட்டி" என்றான். நான் பிடிகொடுக்காமல் வைத்துவிட்டேன். மறுநாள் வெண்டை பூவிட்டிருந்ததைப் பார்த்து நான் சந்தோஷமாக ஏதோ சொல்ல, அக்கா தண்ணீர்க் குழாயை மூடினார்.

"ஏனம்மணி, பிரபு உங்கிட்டப் பேசினானா?"

"பேசினாருங்கக்கா. உங்களுக்கு எடுத்துச் சொல்லச் சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலீங்க. இது உங்க ஊடு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "என்னையுமாங்கக்கா?" என்று கேட்டேன்.

"உன்னையும்தான். நீயும் அந்தப் பக்கம் போயிட்டீன்னா எனக்கு வேற ஆரு இருக்கறா? பயமா இருக்குதல்லொ" என்றார். அவர் வாயில் பயம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. மாலையில், பொடக்காலிக்குள் போகும் சந்துப் பக்கக் கதவின் சாவியை என்னிடம் கொடுத்தார். அதற்கு இன்னொரு சாவி கிடையாது.

சித்திரையில், தன் வீட்டில், தன் கட்டிலிலேயே போனார். அவர் கேட்டது அதுதான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் அக்கம்பக்கத்தில் சமைத்துக் கொடுத்தோம். நான் அந்தச் சாவியால் சந்துக் கதவைத் திறந்து, வெண்டையும் கத்தரியும் பறித்துப் போய்க் குழம்பு வைத்தேன். பிரபு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "காய் நல்லா இருக்குதுங்க, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டான்.

"உங்க பொடக்காலிதான் தம்பி."

அதற்கு மேல் அவனால் சாப்பிட முடியவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அழுதான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் பெங்களூரில் நிம்மதியாகத் தூங்காதவன்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருவரை அழைத்து வந்தான். "ஃப்ரெண்டுங்க, சும்மா பாக்க வந்தாரு" என்றான். சும்மா பார்க்க வந்தவர் மதிலோரமாக அடிவைத்து அளந்தபடி நடந்தார். அவர் கால் அரைக்கீரைப் பாத்தியில் இருந்தது.

"காயெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க ஆன்ட்டி. ஒண்ணும் அவசரமில்லீங்க. சாவி மட்டும் குடுத்துட்டீங்கன்னா பரவாயில்லைங்க" என்றான் பிரபு. ஒரு வருடத்துக்கு முன்பென்றால், எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நெகிழ்ந்திருப்பேன்.

"கீரையை மிதிக்காம நிக்கச் சொல்லுங்க தம்பி" என்றேன். "காய்ப்பு ஓயட்டும். அது வரைக்கும் தண்ணி உட நான் வாரேன்."

அந்த இடத்தை என்னால் காப்பாற்ற முடியாது. அது அவனுடையது. ஆடிக்குள் அங்கே பள்ளம் தோண்டினாலும் தோண்டுவார்கள். என்னைச் சந்தேகத்தோடு பார்க்க இனி யாருமில்லை என்பது இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: இனிக்கப் பேசுகிறவரின் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கண். அவரை நினைத்து வருகிறவர்கள் சந்துப் பக்கமாக வாருங்கள், காலையில் அங்கேதான் இருப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். யாரென்று தெரியாமல் கதவைத் திறக்க மாட்டேன்.